முதல் வரியில் ஆனைமுகன்

அல்வா கிண்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. துடுப்பைக் கையில் பிடித்துவிட்டால் பிறகு அவனை யாரும் வேறு வேலைக்குக் கூப்பிட முடியாது. தாலி கட்டப்போகிற மாப்பிள்ளையைக்கூட ஒரு நிமிஷம் இங்கே வாருங்கள் என்று தனியே அழைத்துவிடலாம். கோதுமைப் பால் பாகில் இறங்கிய பிறகு அல்வா கிண்டுகிறவனை அழைக்க முடியாது, கை நின்றால் அடி பிடித்துவிடும். கோவில்பட்டி செல்லம் மகாலின் சமையல்கட்டில், சாயங்கால ரிசப்ஷனுக்கான அல்வாவின் முன்னால், நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஆவுடையப்பன் இந்த வசதியை நினைத்துத்தான் துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏனென்றால் நாலு மணி நாலு நிமிஷத்துக்கு, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பாப்பம்மாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல், ஏதோ உப்பு போதுமா என்று கேட்பதுபோல ஒரு செய்தியைச் சொல்லிவிட்டாள். “ஒங்க மக செண்பகாவுக்கு இன்னிக்கு அஞ்சு மணிக்கு காலேஜ் லிஸ்ட்டப் பூட்டிருவாகளாமே தம்பி. எந்தங்கச்சி பேத்தி போன வருசம் முப்பது காலேஜ் எழுதிப் போட்டா. மொதல்ல எழுதுனதையே குடுத்துட்டாக. கம்ப்யூட்டரு மேலருந்துதான் பாக்குமாம். மொத எடம் காலியா இருந்துச்சுன்னா அதக் குடுத்துட்டு லிஸ்ட்ட மூடி வச்சிருமாம். கீழ என்ன இருக்குன்னு திரும்பியே பாக்காதாம்.” சொல்லிவிட்டு அவள் அடுத்த பீன்ஸின் நாரை உரித்தாள். ஆவுடையப்பனுக்குக் கை ஓடியது, மற்ற எதுவும் ஓடவில்லை.

திரும்பியே பார்க்காதாம். அதெப்படிப் பார்க்காமல் இருக்கும்? லிஸ்ட் என்றால் முழுசும் லிஸ்ட்தானே. இருபத்தாறு வருஷமாக அவரும்தான் லிஸ்ட் எழுதுகிறார், ஆயிரத்துக்கு மேல் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, ஒரு லிஸ்ட்டுக்காவது மளிகைக்கடைக்காரர் முதல் வரியை மட்டும் கட்டிக்கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்தியிருக்கிறாரா? தாள் உச்சியில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே மஞ்சள். மஞ்சள்தான் முதல் வரி. மறந்தும் புளியில் ஆரம்பிக்க மாட்டார், மிளகாய் வற்றலில் ஆரம்பிப்பவனோடு சேர்ந்து வேலையே செய்ய மாட்டார். ஐந்நூறு இலைக்கு மஞ்சள்தூள் எவ்வளவு வேண்டும், கால் கிலோ. அரிசியோ மூட்டைக் கணக்கு. முதலில் எழுதியதால் மஞ்சள் பெரிது என்று எந்தக் கடைக்காரராவது நினைத்தாரா? முதல் வரி என்பது ஒரு மரியாதை. சபையில் வயசாளியை முன் நாற்காலியில் உட்காரவைக்கிறோம், அதற்காக அவரையே மணமேடையில் ஏற்றித் தாலி கட்டச் சொல்லிவிடுவோமா? இந்தக் கம்ப்யூட்டர் சொல்லும்போல. முதலில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் மாப்பிள்ளை, மேளத்தைக் கொட்டுங்கள் என்று சொல்லும். இத்தனை படித்தவர்கள் சேர்ந்து செய்த மிஷினுக்கு ஒரு லிஸ்ட்டை வாசிக்கத் தெரியவில்லையே என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. கோபம் வந்தால் கொஞ்சம் நன்றாக இருந்தது. ஒரு கரண்டி நெய்யை ஊற்றிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கோபத்திலேயே இருக்கப் பார்த்தார். ஆனால் கோபம் நெய்யைவிடச் சீக்கிரம் உள்ளே போய்விட்டது.

ஏனென்றால் அந்த முதல் வரியை எழுதியது கம்ப்யூட்டர் இல்லை. செண்பகாவும் இல்லை. அவள் மூன்று நாள் யோசித்து, பள்ளிக்கூட டீச்சரிடம் கேட்டு, அம்மாவின் கண்ணாடி உடைந்த போனிலேயே இருபத்து மூன்று கல்லூரிகளை வரிசைப்படுத்தி முடித்துவிட்டாள். நேற்று ஆவுடையப்பன் ஜெபராஜின் பிரவுசிங் சென்டருக்குப் போனது, அந்த லிஸ்ட்டை ஒரு தாளில் எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கத்தான். சத்தியமாக அதற்குத்தான். பாஸ்வேர்ட் எழுதிய துண்டுச்சீட்டைக் கொடுத்தார். தன்னுடைய போனுக்கு ஆறு எண் வந்தது, அதையும் வாசித்தார், திரை திறந்தது. இருபத்து மூன்று வரி. முதல் வரியில் சென்னையில் இருக்கிற அந்தப் பெரிய அரசுக் கல்லூரி, பக்கத்தில் பேக்கேஜிங் என்று ஏதோ படிப்பு. மேலே ஒன்றும் இல்லை. ஒரு சுழி இல்லை, ஒரு கோடு இல்லை, மொட்டையாக, இழவு வீட்டுக்குச் சாமான் வாங்குகிற சீட்டு மாதிரி இருந்தது. முதல் கோணல் முற்றும் கோணல் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? “மேல ஒரு பிள்ளையார் சுழி போட முடியுமா தம்பி?” என்று ஜெபராஜிடம் கேட்டார். ஜெபராஜ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பிள்ளையார்மேல் அவருக்கு வருத்தமும் கிடையாது. “சுழியெல்லாம் எடுக்காது அண்ணாச்சி. காலேஜ் பேரு மட்டுந்தான் எடுக்கும்” என்றார். அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு அந்த யோசனை வந்தது. வந்திருக்கவே வேண்டாம். பிள்ளையார் பேரில் காலேஜ் இருக்கிறதா? இருந்தது. அருள்மிகு ஆனைமுகத்தான் பொறியியல் கல்லூரி. அதை மேலே ஏற்றச் சொன்னார், ஜெபராஜ் ஏற்றினார், சென்னை இரண்டாவது வரிக்கு இறங்கிப் பணிவாக நின்றது, பார்க்க மங்களகரமாகத்தான் இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்கள். பிள்ளையாரையே பிடித்துவந்து முதல் வரியில் உட்காரவைத்து அது குரங்காக முடிந்த கதையை யாரும் சொன்னதில்லை, இனிமேல் சொல்வார்கள்.

பாப்பம்மாள் பீன்ஸ் முடித்துக் காரட்டுக்குப் போய்விட்டாள். அரிசி மூட்டைமேல் இருந்த அவருடைய போன் ஒருதரம் விழித்து வெளிச்சம் போட்டது. சமையல்காரர்கள் குரூப்பில் யாரோ ரோஜாப்பூ படத்தோடு மாலை வணக்கம் சொல்லியிருந்தார்கள். நாலு பதினைந்து. போனை எடுக்க முடியாது, கையெல்லாம் நெய். நெய் இல்லாத நாளில் மட்டும் என்ன வாழ்ந்தது, இந்த விரலைப் போன் மதிப்பதே இல்லை. துடுப்பு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல். ஆதாருக்குக் கட்டைவிரலை வைத்தபோது, ரேகையே விழவில்லை, வீட்டுக்குப் போய் நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள் என்று அங்கே இருந்த பெண் திருப்பி அனுப்பினாள். கழுவினால் போகிற அழுக்கா அது. இந்தக் கையால் ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைக்கலாம், உப்புப் பார்க்காமலே வைக்கலாம், ஒரு குட்டி எழுத்தைத் தொட்டால் பக்கத்து வீட்டு எழுத்தும் சேர்ந்து வரும். இப்போதெல்லாம் பெண் வீட்டார் மெனுவைப் போனிலேயே அனுப்புகிறார்கள். வாழைக்காய் வறுவல் எங்கே என்று விரலால் தள்ளித் தள்ளித் தேட வேண்டியிருக்கிறது, தேடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் மெனுவை மாற்றிவிடுகிறார்கள். மாற்றட்டும். மாற்ற முடிகிறதே. ஐந்து மணி வரைக்கும் செண்பகாவின் லிஸ்ட்டையும் மாற்றலாம். வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு போன் போட்டு, தாயி, நீ உள்ளே போய் முதல் வரியைத் தூக்கு, என் போனுக்கு வருகிற எண்ணைச் சொல்லுகிறேன் என்றால் முடிந்தது காரியம். அதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் லிஸ்ட்டை உனக்குத் தெரியாமல் நான் மாற்றினேன் என்கிற வாக்கியம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான்தான் என்கிற வாக்கியம். அதை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் நடுவில் அடி பிடித்தது.

“கைய மாத்திக்கிடுதீயளா தம்பி? நான் செத்த நேரம் கிண்டுதேன்” என்றாள் பாப்பம்மாள். வேண்டாம் அக்கா, இது பதம் பார்க்கிற நேரம் என்றார். அது பொய். பதத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது, பாப்பம்மாள் அவரைவிட நன்றாகவே கிண்டுவாள், அது அவளுக்கும் தெரியும். அவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காரட்டைச் சீவினாள். இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து அரை நிமிஷத்தில் திருப்பூரில் இருக்கிற மகனுக்கு வசையும் அனுப்பிவிடுவாள், முத்தமும் அனுப்பிவிடுவாள். ஆவுடையப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியும், என்ன புண்ணியம். நாலு இருபத்தெட்டு. ஒன்றும் சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன? இந்த எண்ணம் முதலில் அடுப்படிப் பூனை மாதிரி ஓரமாக வந்து உட்கார்ந்தது. அவர் விரட்டவில்லை. இன்னும் அரை மணி நேரம் அல்வா கிண்டினால் போதும். ஐந்து மணிக்கு அதுவே பூட்டிக்கொள்ளும். நாளைக்கோ நாளை மறுநாளோ முடிவு வரும், ஆனைமுகத்தான் என்று வரும், செண்பகா அழுவாள், எப்படிப்பா இப்படி வந்துச்சு என்று கேட்பாள். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு தாயி என்று சொல்லிவிடலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முன்பெல்லாம் எது தவறினாலும் சனிப் பார்வை என்பார்கள், இப்போது சர்வர். பாவம், சனி பகவானுக்கும் ஓய்வு வேண்டும்தானே. ஜெபராஜ் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஜெபராஜ் பொய் சொல்ல மாட்டார். அவர் நேற்றே சொன்னாரே, மேலே ஏற்றும்போதே சொன்னாரே, “இத மேல போட்டா இதத்தான் அண்ணாச்சி மொதல்ல பாக்கும்” என்று. சொன்னாரா? சொன்னார். அதற்கு நீ என்ன சொன்னாய்? நல்லது, பிள்ளையாரையே முதலில் பார்க்கட்டும் என்றாய். “பாப்பாவுக்குத் தெரியுமா?” என்று அவர் கேட்டார். நான் சொல்லிக்கிடுதேன் என்றாய். ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சொன்னாயா? தோசைக்குச் சட்னி சரியில்லை என்று மட்டும் சொன்னாய்.

சரி, மறந்துபோயிற்று. மனுஷனுக்கு மறதி வராதா. முகூர்த்த மாசம், தலைக்கு மேல் வேலை. அவர் துடுப்பை அடியில் ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினார், அல்வா திரண்டு ஒரு பக்கமாக வந்தது. செண்பகா பொட்டலம் மடிக்கப் படிக்கிறேன் என்கிறாள், நாலு வருஷம். முதன்முதலில் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். நாம சாமான் வாங்குற மளிகைக்கடையில் வந்து ஒரு மாசம் நின்னா கத்துக்கலாமே தாயி என்றார். அவள் கோபிக்கவில்லை. “எப்பா, ஒங்க அல்வா எத்தன நாளு தாங்கும்?” என்று கேட்டாள். பதினைந்து நாள் என்றார். அதை ஆறு மாசம் தாங்கவைக்கிற உறை செய்ய வேண்டும், அதற்குத்தான் படிப்பு என்றாள். அவர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, பெருமையில் என்ன செய்வதென்று தெரியாமல் தெருக்குழாயை மூடிவிட்டு வந்தார். அவ்வளவு பெருமைப்பட்டவன்தானே நீ. பிறகு ஏன்? பிள்ளையாருக்காக. ஆமாம், பிள்ளையாருக்காக. ஏழு நாற்பதுக்குத் தெரு முக்கில் காலேஜ் பஸ் வந்து நிற்கும், சாயங்காலம் ஐந்து பத்துக்குத் திரும்ப வந்து இறக்கிவிடும், மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொடுத்துவிடலாம், மழை நாளில் குடை எடுத்துக்கொண்டு முக்கு வரைக்கும் போனால் போதும். துடுப்பு ஓரிடத்தில் நின்றது. இந்த பஸ் நேரமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? மங்களத்துக்காக முதலில் போட்ட பேருக்கு பஸ் நேரம் எதற்கு? அவர் அவசரமாகத் துடுப்பை நகர்த்தினார். நேற்று ஜெபராஜ் பிள்ளையார் பேரைத் தட்டியபோது வந்தது ஒரு காலேஜா? மூன்று வந்தது. சேலம் பக்கம் ஒன்று, தஞ்சாவூர் பக்கம் ஒன்று, பதினெட்டே கிலோமீட்டரில் ஆனைமுகத்தான். பிள்ளையார் எங்கே உட்கார்ந்தாலும் பிள்ளையார்தானே. சேலத்துப் பிள்ளையாருக்கு என்ன குறை, தும்பிக்கை இல்லையா? யோசிக்கவே இல்லையே நீ. ஜெபராஜ் வாய் மூடுவதற்குள் இதுதான் இதுதான் என்று கை காட்டினாயே.

நெய் பிரிய ஆரம்பித்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆனதும் ஆவுடையப்பனுக்கு வியர்த்தது, அடுப்புச் சூட்டுக்கு வியர்க்கிற ஆள் அவர் கிடையாது. பெற்ற பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ள ஆசைப்படுவது ஒரு குற்றமா? இல்லை. அதை அவளிடம் நேராகச் சொல்ல வாய் வராமல் சாமி பேரில் எழுதிப்போட்டதுதான் குற்றம். நாலு நாற்பத்திரண்டு. அவள் சென்னைக்குப் போய்விட்டால் வீட்டில் யார் இருப்பார்கள், மனைவி உலகம்மாளும் அவரும். உலகம்மாளிடம் அவர் பேசுவதே செண்பகாவைப் பற்றித்தான். போனில் ஏதாவது சிக்கிக்கொண்டால் யாரைக் கேட்பது? அவள் வாங்கிப் பார்ப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள், ஒரே தட்டில் சரியாகிவிடும், எப்படிச் செய்தாய் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. கேட்டால் கற்றுக்கொண்டுவிட வேண்டியிருக்கும், பிறகு அவளைக் கூப்பிட ஒரு சாக்கு போய்விடும். அட, இதற்குமா என்று அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது கண்ணும் கொஞ்சம் கரித்தது. போன மாசம் கூட்டு வேகாமல் போய்விட்டது என்று சொன்ன உதவியாளிடம், வேகவில்லை என்று சொல்லாதே, வேகவிடவில்லை என்று சொல் என்று கத்தினாரே, அந்த ஆவுடையப்பன் எங்கே போனார்? கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டது என்று சொல்லப்போகிற ஆவுடையப்பன் எங்கே வந்தார்?

“எக்கா” என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “அந்தப் போன எடுத்து செண்பகாவுக்குப் போடுங்க. அவ படம் இருக்கும், அதத் தொட்டாப் போதும்.” பாப்பம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, படத்தைத் தொட்டு, கேட்காமலே ஸ்பீக்கரையும் போட்டு, போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“சொல்லுங்கப்பா.”

“தாயி, ஒன் லிஸ்ட்ல மொதல்ல இருக்கது சென்னை இல்ல. ஆனைமுகத்தான் காலேஜ். நேத்து நான்தான் போட்டேன். ஒங்கிட்டச் சொல்லல.”

அந்தப் பக்கம் உலகம்மாள் பாத்திரம் கழுவுகிற ஓசை மட்டும் தெளிவாகக் கேட்டது.

“ஏன்ப்பா?”

“மொத வரி மங்களமா இருக்கட்டும்னு. பிள்ளையாரு பேரு.”

“அந்தக் காலேஜ் பஸ்ஸு நம்ம முக்குலதானப்பா வந்து நிக்கும்” என்றாள் செண்பகா.

பாப்பம்மாள் போனைப் பிடித்தபடியே முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆவுடையப்பன் நாலைந்து சுற்றுத் துடுப்பைச் சுற்றினார்.

“ஆமா” என்றார். “அதுக்குத்தான் போட்டேன்.”

திட்டுவாள் என்று நினைத்தார், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். “இப்போ உள்ள போறேன். ஒங்க போனுக்கு ஆறு நம்பர் வரும், வந்ததும் வாசிங்க” என்றாள், கொஞ்சம் மூக்கடைத்த குரலில். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உள்ளே போனார்களோ என்னவோ, வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு என்று அங்கிருந்து அவள் சொன்னாள். இங்கேயும் அப்படித்தான் என்று அவர் சொல்லவில்லை. நாலு ஐம்பத்து மூன்றுக்குப் போன் ஒருதரம் அதிர்ந்தது. பாப்பம்மாள் ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டாள், ஒரு பக்கம் காதில் ஏறவில்லை. எண்கள் மங்கலாக, பிறகு சரியாகத் தெரிந்தன.

“நாலு” என்றார். “ஒம்போது. மறுபடி ஒம்போது. ரெண்டு. பூச்சியம்.”

அடுத்த எண் வாய்வரைக்கும் வந்து நின்றது.

“ஆறு நம்பர்ப்பா. அஞ்சுதான் சொல்லியிருக்கீங்க.”

“அங்க போயி என்னத்தச் சாப்பிடுவ?” என்று கேட்டார்.

“எப்பா, நேரமாச்சு. அங்க மெஸ் இருக்கும். நம்பரச் சொல்லுங்க.”

“மெஸ் சாப்பாடா” என்றார் ஆவுடையப்பன். அவர் தொழிலில் அதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. பாப்பம்மாள் போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“ஏழு” என்றார்.